கூழுக்கு ஒரு படி மாவு, லைன் வீட்டுக்கு ஒரு குழாய்

என் மேலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் விடுப்புக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுவார். கூடவே ஒரு வேலையையும் கொடுத்துவிடுவார். சென்னையில் சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று நான் போய் நின்றபோது, "நல்லது, போய் வா. அப்படியே அங்கே தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம், ஒரு கிராம நிர்வாகம் வெளியூர்க்காரர்களை எப்படிக் கவனித்துக்கொள்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வா. இரண்டு பக்கம் போதும்" என்றார்.

நான் வேலை செய்வது நோர்வேயின் வடகோடியில், ஒரு மீன்பிடி ஊரின் நகராட்சியில். பிரிவின் பெயர் 'புதிதாக வந்தோர் பிரிவு'. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய் அந்த ஊரில் இறங்கிய நாளில் என்னை வரவேற்றதும் இதே பிரிவுதான். காலுக்குப் பனிச் சப்பாத்து, கம்பளித் தொப்பி, குப்பையை எப்படிப் பிரித்துப் போட வேண்டும் என்று தமிழில் அச்சடித்த துண்டறிக்கை, பனியில் வழுக்காமல் நடக்கச் சொல்லித்தர ஓர் அம்மையார் என்று குறையில்லாமல் தந்தார்கள். இப்போது சப்பாத்துக் கொடுக்கிற இடத்தில் நான் இருக்கிறேன். ஆகவே வந்தவர்களை வரவேற்கிற விஷயத்தில் எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்ற நினைப்போடுதான் கிளம்பினேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே, "ஒரகடம், ஒரகடம், ஒரே ஒரு சீட்டு" என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கூவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சீட்டு என்பது உண்மைதான். அதில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய பையன்கள். எனக்காக ஆளுக்குக் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டார்கள்.

"இது ஒரகடம் சந்திக்குப் போகுமோ தம்பி?" என்று கேட்டேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், கேரளாவா?"

"இல்லை, நான் யாழ்ப்பாணம்."

"அதான் பாத்தேன். மலையாளம் மாதிரியே கீதேன்னு."

பக்கத்திலிருந்த திருநெல்வேலிப் பையன் எனக்குச் சமாதானம் சொன்னான். "விடுங்கக்கா. மொத நாளு என்னையவே இவன் எந்த ஊரு பாஷைன்னு கேட்டாம்லா." அதைக் கேட்டு எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

நான் பார்க்க வேண்டிய கிராமத்துக்குப் பேருந்து பிடிக்க ஒரகடத்தில் இறங்கி நின்றபோது ஒன்று வந்து நின்றது. முன்னால் நின்ற பெண்கள் ஏறினார்கள், நானும் ஏறினேன். உட்கார்ந்த மறுநிமிடமே எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நடத்துனர் வரவில்லை, யாரும் டிக்கெட்டும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம் என்று சித்தி சொல்லியிருந்தார். இதுதான் அது போலும் என்று அரசாங்கத்தை மனதாரப் பாராட்டிக்கொண்டே வந்தேன். பேருந்து ஒரு பெரிய இரும்புக் கதவுக்குள் நுழைந்து நின்றதும்தான் அது கம்பெனிப் பேருந்து என்று தெரிந்தது. எல்லோரும் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். நான் என் நகராட்சி அட்டையைக் காட்டினேன்.

காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கம்பெனி இல்லையேம்மா. நைட் ஷிஃப்ட் முடிஞ்ச தூக்கமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கேன்டீனுக்குத் தயிர் இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில் என்னை ஏற்றிவிட்டார். பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டிப் போக வேண்டிய ஊருக்கு நான் தயிர் வாசனையோடு போய்ச் சேர்ந்தேன். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ஊராட்சித் தலைவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். "பேர் தெரிஞ்சா அடுத்த வாரமே நாலு பேரு ரிப்போர்ட் எழுத வந்துருவாங்க" என்பது அவர் கவலை.

தலைவரின் பெயர் அமுதா. நாற்பது வயதுக்காரர், பேசும்போதே பாதிச் சிரிப்பு. பெண் தலைவர்கள் இருக்கிற ஊரில் கணவர்தான் உண்மையில் தலைவராக இருப்பார் என்று கேள்விப்பட்டிருந்ததால், நாசூக்காக விசாரித்தேன்.

"அவருக்கும் ஆசதான்கா. ஆனா செகண்ட் ஷிஃப்ட்டு. OT வேற. வூட்டுக்கு வந்தா தூங்கவே நேரம் பத்தல. இல்லைன்னா இந்நேரம் நான் டீ போட்டுகினு இருப்பேன்" என்றார் அமுதா. தொழிற்சாலைகள் இந்த வட்டாரத்துக்குச் செய்த நன்மைகளைப் பற்றி யாராவது எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை செட் தோசையும் வடகறியும் சாப்பிட்டோம். நோர்வேயில் காலை உணவு என்றால் ரொட்டித் துண்டில் குளிர்ந்த மீன். வடகறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கும்போதுதான், உண்மையில் யார் யாருக்குப் புகலிடம் தந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் வந்தது.

பிறகு அமுதா என்னை ஊர் சுற்றிக் காட்டினார். ஊரின் நடுவே நான்கு வழிச்சாலை போகிறது. முன்பு அது ஊர்த் தெருதானாம். லாரிகளுக்காக அகலமாகி அகலமாகி ஊரையே இரண்டாக்கிவிட்டது. சாலைக்கு இந்தப் பக்கம் பழைய ஊர்: மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, மாதா கோயில் தெரு. அந்தப் பக்கம், நெல் விளைந்த நிலத்தில், இப்போது லைன் வீடுகள். நீளமான ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம் அல்லது ஐந்தாறு பையன்கள். பீகார், ஒடிசா, தூத்துக்குடி, தென்காசி எல்லாம் அந்தக் கூரைக்கு அடியில் இருந்தன. கார் கம்பெனி அதிகாரிகளாக வந்த கொரியாக்காரர்களுக்குப் பெரிய சாலையில் கொரிய எழுத்தில் பலகை வைத்த உணவகங்கள் உண்டு. லைன் வீட்டுக்காரர்களுக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குடிநீர்க் குழாய்.

அதுதான் அந்த ஊரின் அப்போதைய பிரச்சினை. லைன் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் வேண்டுமென்றால் சாலையைக் கடந்து மேட்டுத் தெருக் குழாயடிக்கு வர வேண்டும். காலையிலும் மாலையிலும் குடத்தோடு பெண்கள் நான்கு வழிச்சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். கார்களை அடுக்கிக்கொண்டு வருகிற நீளமான டிரெய்லர் லாரிகள் அவர்களுக்காக வேகத்தைக் குறைப்பதில்லை. ஒருத்தி இடுப்பில் குடமும் தோளில் குழந்தையுமாக நடுத் திட்டில் நின்றிருந்தாள்.

"அவ பேரு பூனம். பீகாரு. புருஷன் வெல்டிங்கு. ரெண்டாவது புள்ளைக்கு மாசமா இருக்கா" என்றார் அமுதா. "சுதந்திர தினத்தன்னிக்குக் கிராம சபை. அதுல தீர்மானம் போட்டாதான் ரோட்டுக்கு அடியில பைப்பு கொண்டு போக பர்மிஷன் கேக்க முடியும். ஆனா அவங்களுக்கு இங்க ஓட்டு இல்ல. ஓட்டு இருக்கிறவங்க வேணாங்கிறாங்க."

வேண்டாம் என்றவர்களில் முதல் ஆள் மேட்டுத் தெரு வசந்தா. அவர் கெட்டவர் இல்லை. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக, அதுவும் நூல் மாதிரிதான் ஏறும். "எங்க குடமே ரொம்பல. இதுல ஊரே இல்லாதவங்களுக்கு அந்தாண்ட வேற பைப்பு இஸ்துகினு போனா நாங்க இன்னா காத்த புடிச்சுக் குடிக்கிறதா?" என்று என்னிடமே கேட்டார். எங்கள் நகராட்சியின் துண்டறிக்கைகள் பதினோரு மொழிகளில் உண்டு. ஒன்றில்கூட இந்தக் கேள்வி இல்லை.

"அப்ப நான் பேந்து வாறன்" என்று வசந்தாவிடம் விடைபெற்றேன். அவர் திகைத்து நின்றார். குழாயடியில் முறைக்காகக் காத்திருந்த பூனம் திரும்பி, "அப்பால வர்றாங்களாம்கா" என்று மொழிபெயர்த்தாள். தாய்மொழியில் பேசிய எனக்குத் தமிழில் துபாஷியாக ஒரு பீகார்ப் பெண் வாய்த்தாள். எங்கள் ஊரில் மொழி வகுப்புக்கு ஹீட்டர், வெண்பலகை, காப்பி எல்லாம் வைத்து இரண்டு வருடம் நடத்துகிறோம். பூனம் குழாயடி வரிசையிலேயே தமிழ் கற்றிருந்தாள். அதனால் திட்டுவதற்கான சொற்கள் முதலில் வந்திருந்தன.

அன்று மத்தியானம் அவள் அறையில் ஒரு குவளை தந்தாள். வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை போட்டது. பெயர் சத்து. "வெயிலுக்கு நல்லதுக்கா. எங்க ஊர்ல இத்த குட்சிட்டுதான் வயலுக்குப் போவாங்க." குடித்தேன். நன்றாக இருந்தது.

"குழாய் வந்தா முதல்ல என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"இவள வூட்லயே வுட்டுட்டுத் தண்ணி புடிப்பேன்" என்று குழந்தையைக் காட்டினாள். "வூட்ல தனியா வுட்டா அயுவுது. தூக்கிகினு போனா லாரி. தெனம் ரோட்ல நிக்கசொல்ல பயமா கீதுக்கா."

மாலையில் அமுதாவிடம், எங்கள் நகராட்சியில் 'பன்முகப் பண்பாட்டுக் கொள்கை' என்று ஒன்று இருப்பதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல தண்ணி வருமாக்கா?" என்றார். பிறகு தன் திட்டத்தைச் சொன்னார்.

அந்த ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அதற்கு வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு. மாவு கொடுக்கிற வீடுதான் ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. ஊரைவிட்டுத் தாம்பரத்துக்குக் குடிபோனவர்கள்கூட மாவை மட்டும் ஆள்மூலம் அனுப்பிவிடுவார்கள், தலைக்கட்டு போய்விடக் கூடாதே என்று. மாதா கோயில் தெருக்காரர்கள் மாவு தருவதில்லை, விறகு தருவார்கள். கேட்டால், "அம்மன் வேற, அடுப்பு வேற" என்பார்கள். லைன் வீட்டில் இதுவரை யாரும் மாவு கேட்டதில்லை.

"இந்த வருஷம் கேக்கப்போறோம்" என்றார் அமுதா. "கூழுல அவங்க மாவு சேர்ந்துட்டா, அப்பால கிராம சபையில எவனும் எழுந்து 'அவங்க யாரு'ன்னு கேக்க முடியாது. கூழு மொதல்ல வருது, சபை அப்புறம் வருது. தேதி அப்படி அமைஞ்சுது பாருங்க."

இவர் எங்கள் நகராட்சியில் இருந்திருந்தால் மேயராகியிருப்பார். என் மேலாளருக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை, மேளமும் ஒலிபெருக்கியும் கட்டிய ஆட்டோ மாவு வாங்கப் புறப்பட்டது. பின்னால் திறந்த சாக்குகளோடு கோயில் ஆட்கள். சாலையைக் கடந்து லைன் வீட்டுப் பக்கம் போனதும் ஒலிபெருக்கி பூனத்தின் கைக்கு மாறியது. இந்தியில் அவள் பேசியதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள்: "அண்ணன்மாரே, அக்காமாரே, இந்த ஊர் அம்மன் நம்மிடமும் மாவு கேட்கிறாள். கரைத்துக் குடிப்பார்களே, அந்த மாவு. வீட்டுக்கு ஒரு படி." கதவுகள் திறந்தன. முதலில் தயக்கம், பிறகு ஓட்டம். பையன்கள் அறையில் தங்கியிருந்த தென்காசிக்காரர்கள், "எங்க ஊர்ல கூழு கெடையாது, கோயில் கொடைதான். இருந்தாலும் சாமி கேட்டா குடுக்கணும்லா" என்று கடைக்கு ஓடினார்கள். ஒரு பெண் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து கொட்டினாள்.

திரும்பும் வழியில் ஆட்டோ தலைவர் வீட்டு வாசலிலும் நின்றது. அமுதா வீட்டு மாவு ஏறியது. கோயில்காரர் மாடியைப் பார்த்து, "அக்கா, உங்க மாவு?" என்றார்.

"நான் இந்த ஊர் இல்லையே. அடுத்த கிழமை போயிடுவன்."

"இன்னிக்கு இங்கதானே கீறீங்க?"

எதிர்க் கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் கேழ்வரகு மாவு வாங்கிவந்து சாக்கில் கொட்டினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், மாடிக்குப் போய் அழுதேன். எங்கள் மீன்பிடி ஊர் எனக்கு எல்லாம் தந்தது. சப்பாத்து தந்தது, வீடு தந்தது, வேலை தந்தது. நன்றி மறக்க மாட்டேன். ஆனால் இத்தனை காலத்தில் அந்த ஊரில் யாரும் என் கதவைத் தட்டி, "உன் பங்கு எங்கே?" என்று கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை கோயிலடியில் மாவைப் புளிக்கவைக்கச் சாக்குகளைப் பிரித்தார்கள். கூழுக்கு வசந்தாதான் பொறுப்பு. எந்த வருடமும் அவர் கூழ் கட்டி தட்டியதில்லை, தீய்ந்ததில்லை. அவர் புகழே அந்த அண்டாவில்தான் இருந்தது. குனிந்து மாவை அள்ளியவர் நிமிர்ந்தார்.

"இன்னாது இது? பொட்டுக்கடல வாசன வருது?"

எல்லோரும் முகர்ந்தார்கள். நானும் முகர்ந்தேன்; எனக்கு உடனே புரிந்துவிட்டது. கரைத்துக் குடிக்கிற மாவு. வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு, வெயிலுக்குக் குளிர்ச்சியாகக் குடிக்கிற மாவு. பீகாரில் யாரைக் கேட்டாலும் அது சத்துதான்; கேழ்வரகு என்று அவர்கள் மனதில் ஏன் தோன்றப்போகிறது? தென்காசிப் பையன்கள் தந்ததைத் தவிர லைன் வீட்டு மாவு முழுவதும் கடலை மாவு. பள்ளத் தெருக் கேழ்வரகு, மேட்டுத் தெருக் கேழ்வரகு, தலைவர் வீட்டு மாவு, என் பொட்டலம் எல்லாவற்றோடும் கலந்து கிடந்தது.

பூனம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, நான்தான் அப்படிச் சொன்னேன். என்னால கொயாயும் போச்சு" என்று அழ ஆரம்பித்தாள். குழந்தையும் சேர்ந்து அழுதது. அமுதாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

"வேற மாவு வாங்கிக்கலாம்" என்றார் ஒருவர். பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் சாக்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அம்மனுக்குன்னு வந்தத திருப்பக் கூடாது. ஊத்தவும் நான் சொல்ல மாட்டேன், கொட்டவும் நான் சொல்ல மாட்டேன். பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மேலாளரும் இக்கட்டான நேரத்தில் இதே மாதிரிதான் பேசுவார். தூர தேசத்திலும் நிர்வாகம் ஒன்றுதான் என்று குறித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் காச்சி வாயில வெச்சுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்று நான் யோசனை சொன்னேன், முடிந்தவரை அந்த ஊர்த் தமிழில். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். படையல் போடும்வரை யாரும் நாக்கில் வைக்கக் கூடாதாம். உப்புகூடக் கைக்கணக்குத்தான். ஆக, இதுவரை யாரும் குடித்திராத ஒரு கூழை, ருசி பார்க்காமலே, ஊர் முழுவதற்கும் காய்ச்ச வேண்டும்.

வசந்தா புடவையை இழுத்துச் சொருகினார். "அயுதுகினு நின்னா ஆச்சா? வா இந்தாண்ட. உங்க மாவு எப்படிக் கரையும்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று பூனத்தை அதட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பூனம் போனாள். இருவரும் சேர்ந்து கரைத்தார்கள். வசந்தா இடைவிடாமல் திட்டிக்கொண்டிருந்தார். பூனம் இடையிடையே பதில் திட்டு கொடுத்தாள். இரண்டும் ஒரே குழாயடித் தமிழ் என்பதால் யார் பேசுகிறார்கள் என்று சில நேரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை, மாதா கோயில் தெரு விறகில் அண்டா கொதித்தது. வசந்தா துடுப்பால் கிண்டினார், கை அசந்ததும் பூனத்திடம் கொடுத்தார். நொய் வெந்தது, மோர் சேர்ந்தது, வெங்காயம் விழுந்தது. நிறம் வழக்கத்தைவிட வெளுப்பு. படையல் முடிந்து கற்பூரம் காட்டியதும் ஊரே சொம்பும் தூக்குமாக வரிசையில் நின்றது. யாருக்கும் முதல் ஆளாகக் குடிக்க மனமில்லை. "நீ குடி", "இல்ல, நீங்க பெரியவரு, நீங்க குடிங்க" என்று அவ்வளவு மரியாதையை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை.

கடைசியில் பள்ளத் தெரு ஏழுமலை குடித்தார். ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர், எதையும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டதில்லை என்பது ஊரறிந்த சேதி. ஒரு மடக்கு. மீசையைத் துடைத்தார். இன்னொரு மடக்கு. முருங்கைக்கீரையைத் தொட்டுக்கொண்டார்.

"இன்னா வசந்தா," என்றார், "இந்த வாட்டி கூழு கெட்டியா, வாசனையா கீது? இன்னா போட்ட?"

நான் வசந்தாவைப் பார்த்தேன். ஊரே பார்த்தது. வசந்தா நெற்றி வேர்வையை முந்தானையால் ஒற்றினார்.

"கடல மாவு" என்றார். "நான்தான் லைன் வூட்டுக்காரங்களாண்ட சொல்லிக் கேட்டு வாங்கினேன். வருஷா வருஷம் ஒரே மாதிரி எத்தினி நாளிக்கு ஊத்தறது?"

இவ்வளவு கூசாமல் சொல்லப்பட்ட பொய்யை நான் கேட்டதே இல்லை. பூனம் வாயைப் பொத்திக்கொண்டாள். அமுதா திரும்பி நின்றுகொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. அதற்குப் பிறகு பாராட்ட வந்த ஒவ்வொருவரிடமும் கதை கொஞ்சம் வளர்ந்தது. மத்தியானத்துக்குள், யோசனை போன தையிலேயே அவருக்கு வந்துவிட்டது என்றானது. எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "சட்னிய கரைச்ச மாதிரி கீது" என்று ஒருவர் சொன்னார், இரண்டாவது சொம்பை நீட்டிக்கொண்டே.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, பள்ளிக்கூடத் திடலில் கிராம சபை கூடியது. ஊர்க்காரர்கள் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டில்லாத லைன் வீட்டுக்காரர்கள் பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். பூனத்தின் குழந்தை மட்டும் எந்த விதிக்கும் கட்டுப்படாமல் உள்ளே நடந்துபோய் வசந்தாவின் மடியில் உட்கார்ந்துகொண்டது.

ஊராட்சிச் செயலர் குழாய்த் தீர்மானத்தை வாசித்தார். மேட்டுத் தெருவுக்கு முதலில் வால்வு திறப்பது, அதற்குப் பிறகே சாலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விடுவது என்று அமுதா அதில் சேர்த்திருந்தார். ஏழுமலை எழுந்தார். கூழ் நன்றாக இருந்ததை அதற்குள் மறந்திருந்தார்.

"எல்லாம் சரி தலைவரே. ஆனா அவங்க நம்ம ஊரே கிடையாது. இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குக் கம்பெனி மாறிப் போயிடுவாங்க. இதே வசந்தாகூடப் போன மாசம் இதத்தானே சொல்லிச்சு? கேளுங்க."

பந்தல் வசந்தாவின் பக்கம் திரும்பியது. பூனம் என் கையைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். வசந்தா அப்படிச் சொன்னது உண்மைதான், ஊரே கேட்டிருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னதையும் ஊரே கேட்டிருக்கிறது. இதை ஒப்புக்கொண்டால் அதைக் கைவிட வேண்டும். அவர் முகத்தில் கணக்கு ஓடுவது பந்தலுக்கு வெளியே எனக்கே தெரிந்தது.

"யோவ்," என்று வசந்தா மெதுவாக எழுந்தார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. "ஊரு இல்லாதவங்களாண்ட நான் ஏன்யா அம்மனுக்கு மாவு கேக்கப் போறேன்? எனக்கு இன்னா பைத்தியமா? ரெண்டு சொம்பு குட்சல்ல நீ? அப்ப தெரியலயா யாரு ஊரு, யாரு ஊரு இல்லன்னு?"

சிரிப்பில் பந்தல் ஆடியது. ஏழுமலை உட்கார்ந்துவிட்டார். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் அமுதா. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பந்தலுக்கு வெளியே பூனமும் ஆர்வத்தில் கையைத் தூக்கிவிட்டாள்.

"பூனம், நீ தூக்கக் கூடாதும்மா. உனக்கு ஓட்டு இல்ல" என்றார் செயலர்.

அவள் கை இறங்கியது. வசந்தா தன் கையை இன்னும் உயரமாகத் தூக்கினார். "அவ கைய வுடு சார். என் கைய எண்ணு."

தீர்மானம் நிறைவேறியது. கைதட்டினார்கள், மிச்ச மிட்டாயைப் பங்கிட்டார்கள். குழாய் எப்போது வரும் என்று நான் அமுதாவைக் கேட்டேன். நெடுஞ்சாலை அலுவலகம், பிறகு இன்னோர் அலுவலகம், பிறகு மழைக்காலம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். "தைக்குள்ள வந்துடும்கா" என்றார். எந்தத் தை என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை நான் பையோடு சாலையோரம் நின்றேன். இந்தத் தடவை சரியான பேருந்துக்காக. தண்ணீர் விடுகிற நேரம். பூனம் நிறைந்த குடத்தோடு மேட்டுத் தெருவிலிருந்து வந்தாள். குழந்தை அவள் தோளில் இல்லை. பின்னாலேயே வசந்தா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் திட்டிக்கொண்டே வந்தார். "ஒரு கொடத்துக்கு இம்மா நேரமா? மானம் இருட்டுது, நட."

தொலைவில் கார்களை அடுக்கிய டிரெய்லர் ஒன்று ஒலிப்பான் அடித்துக்கொண்டு வந்தது. பூனம் வழக்கம்போலத் தயங்கி நின்றாள். வசந்தா நிற்கவில்லை. சாலையில் இறங்கி, காலையில் பந்தலில் தூக்கிய அதே கையைத் தூக்கினார்.

லாரி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி இந்தியில் ஏதோ கத்தினார். வசந்தா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாவாம் அவனுக்கு?" என்றார் பூனத்திடம்.

"வழி வுடச் சொல்றான்கா."

"ஊர்க்காரங்க போறாங்க, நிக்கச் சொல்லு" என்றார் வசந்தா.

பூனம் சாலை நடுவில் நின்று அதை இந்தியில் சொன்னாள்.